பழைய பிழை அறிக்கைகளை மூடுவதற்கு முன்

பத்து ஆண்டுகளைக் கடந்த எந்தத் திறமூல (நிரலை யாரும் படித்து மாற்றக்கூடிய) மென்பொருளின் டிராக்கரை, அதாவது பிழை அறிக்கைகளைப் பதிவு செய்யும் தளத்தை, திறந்து, அறிக்கைகளைப் பழையவை முதலில் வருமாறு வரிசைப்படுத்திப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான் தெரியும். இன்று யாரும் பயன்படுத்தாத பதிப்பு எண்கள், திட்டத்தை விட்டு எப்போதோ விலகிவிட்ட ஒருவரின் பெயரில் ஒப்படைக்கப்பட்ட வேலைகள், 'எனக்கும் இதே சிக்கல்' என்று எப்போதாவது வந்து சேரும் மறுமொழிகள், முடிவு எதுவும் எழுதப்படாமல் பாதியில் நின்றுபோன விவாதங்கள். சில ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் நான் செய்துவரும் தன்னார்வப் பணி பெரும்பாலும் இந்தக் கடைசிப் பக்கங்களில்தான் நடக்கிறது. புதிய வசதிகளை எழுதுவதைக் காட்டிலும் இதை நான் விரும்பிச் செய்கிறேன். இந்த வேலையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்தும் உண்டு. ஓர் அறிக்கையின் வயதை மட்டும் காரணமாகக் காட்டி அதை மூடக் கூடாது. எந்தப் பதிலும் சொல்லாமல் அதை ஆண்டுக்கணக்கில் திறந்தே போட்டுவைப்பதும் முறையாகாது. மூடுவதானாலும் வைத்திருப்பதானாலும், அதற்கான காரணத்தை யாராவது ஒருவர் படித்து, சோதித்து, எழுதியிருக்க வேண்டும்.

பிழை அறிக்கைகளைப் பொதுவில் வைப்பது என்ற வழக்கமே திறமூல உலகின் பெரிய கொடைகளில் ஒன்று. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தின் பிழைப் பதிவு முறையை இயன் ஜாக்சன் 1994இல் எழுதினார். இன்றுவரை அது மின்னஞ்சல் வழியாகவே இயங்குகிறது. பயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லாவின் டிராக்கரான பக்ஸில்லா 1998இல் வந்தது. இவை இரண்டிலும் பழைய அறிக்கைகளை இன்றும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஒரு நிறுவனத்தின் உள் டிராக்கரில் ஒரு பிழையை ஓசையின்றி நீக்கிவிட்டால் வெளியே இருக்கும் எவருக்கும் அது தெரியவராது. பொதுவில் இருக்கும் அறிக்கை அப்படியல்ல. அதே சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒருவர் தேடுபொறி வழியாக அதை வந்தடைகிறார். தன் கணினியில் கோளாறு இல்லை, நிரலில்தான் கோளாறு என்று தெரிந்துகொள்கிறார். பல நேரங்களில் மாற்றுவழியும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. திருத்தப்படாத அறிக்கைக்கும் பயன் உண்டு என்பதை நிரலாளர்களைவிடப் பயனர்கள் நன்றாக அறிவார்கள்.

அறிக்கைகள் ஏன் இவ்வளவு காலம் கிடக்கின்றன என்று கேட்டால், சோம்பல் என்ற பதில்தான் எளிதாக வரும். என் அனுபவத்தில் அது அரிதாகவே உண்மையாக இருக்கிறது. ஓர் அறிக்கையை எழுத அரை மணி நேரம் போதும். அதைச் சரிபார்க்கவே சில சமயம் ஒரு வார இறுதி முழுவதும் போய்விடும். எழுதுபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, சரிபார்ப்பவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வு மட்டுமே பெரும்பகுதியை விளக்கிவிடும். மீதியில் சிலவற்றுக்குத் தேவையான கருவியோ இயங்குதளமோ திட்டத்தில் யாரிடமும் இருக்காது. சிலவற்றைத் திருத்தினால் வேறு பயனர்கள் நம்பியிருக்கும் ஒன்று உடையும். இன்னும் சில, அது பிழையா அல்லவா என்பதிலேயே கருத்து வேறுபாடு தீராமல் நின்றுபோனவை.

கடைசி வகைக்குப் புகழ்பெற்ற சான்று நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரின் 323ஆம் எண் அறிக்கை. 2000ஆம் ஆண்டு பதிவானது. நிரலைச் சீர்மையாக்கி, அதாவது வேகமாக ஓடும்படி மாற்றி, கம்பைல் செய்தால் தசமக் கணக்குகளின் விடை மாறுகிறது என்பதே புகார். பழைய இன்டெல் செயலிகளின் எக்ஸ்87 கணக்குப் பகுதி தன் ரெஜிஸ்டர்களில் (செயலிக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடங்களில்) 80 பிட் துல்லியத்தில் கணக்கிடும். அதே எண்ணை நினைவகத்தில் எழுதும்போது அது 64 பிட்டாகச் சுருக்கப்படும். ஆகவே ஒரே கோவையின் விடை ஒருமுறை ரெஜிஸ்டரிலும் இன்னொருமுறை நினைவகத்திலும் இருந்துவிட்டால், இரண்டையும் ஒப்பிடும்போது சமமில்லை என்று வரும். எந்த எண் எங்கே இருக்கும் என்பதைச் சீர்மையாக்கல் தீர்மானிப்பதால், கம்பைல் செய்யும் முறையைப் பொறுத்து நிரலின் போக்கே மாறிவிடுகிறது. இது செயலியின் இயல்பு, கம்பைலரின் பிழையன்று என்று ஒரு தரப்பு சொன்னது. சி மொழியின் தரநிர்ணயத்தை மீறுவதால் பிழைதான் என்று மறுதரப்பு சொன்னது. வழக்கு நீண்டுகொண்டிருக்க, அதே சிக்கலைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்களின் அறிக்கைகள் டூப்ளிகேட்டுகளாக வந்து இதனுடன் சேர்ந்துகொண்டே இருந்தன. 2010இல் வெளியான ஜிசிசி 4.5இல் சி மொழிக்கு இதைக் கட்டுப்படுத்தும் ஒரு தேர்வு சேர்க்கப்பட்டது. அதே தேர்வு சி++ மொழிக்கு 2023இல் வந்த 13ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. இதற்கிடையே 64 பிட் செயலிகள் எஸ்எஸ்இ2 என்ற வேறு கணக்குப் பகுதிக்கு மாறிவிட்டதால் பெரும்பாலான பயனர்களுக்குச் சிக்கல் தானாகவே மறைந்துவிட்டது. ஆனாலும் அந்த அறிக்கையை நான் வீணென்று கருதமாட்டேன். தசம எண்களைக் கணினி எப்படிக் கையாள்கிறது என்பதைப் பற்றி அதில் நடந்த விவாதம் ஒரு தலைமுறை நிரலாளர்களுக்குப் பாடமாக இருந்திருக்கிறது.

காலம் கடந்தும் திருத்தம் வரும் என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. லினக்ஸின் க்னோம் திரைச் சூழலில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சாளரத்தில் படங்களின் சிறுவடிவங்களைக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை 2004இல் எழுந்து, 2022இல்தான் நிரலில் சேர்ந்தது. பயர்பாக்ஸில், வேறு சாளரத்துக்கு மாறிய பிறகும் சுட்டிக் குறிப்பு மட்டும் திரையில் தங்கிவிடும் பிழை 2002இல் பதிவாகி 2023இல் 119ஆம் பதிப்பில் திருத்தப்பட்டது. வயதைப் பார்த்து இவற்றை இடையில் மூடியிருந்தால், திருத்த முன்வந்தவருக்கு அதுவரை சேர்ந்திருந்த விவரங்கள் ஓரிடத்தில் கிடைத்திருக்காது.

இனி பாட்களைப் பற்றி, அதாவது அறிக்கைகளைத் தானாக மூடும் நிரல்களைப் பற்றி. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பரவலாகப் பயன்படும் ஸ்டேல் (பழையது) என்ற பாட் நிரலின் இயல்பான அமைப்பில், 60 நாட்கள் எந்த அசைவும் இல்லாத அறிக்கைக்கு 'ஸ்டேல்' என்ற லேபிள் ஒட்டப்படும். அடுத்த 7 நாட்களில் யாரும் பேசாவிட்டால் அது மூடப்படும். சர்வர்களுக்கான மென்பொருளான குபர்னெட்டிஸ் திட்டத்தில் இந்த இடைவெளி நீளமானது. 90 நாட்களுக்குப் பின் 'ஸ்டேல்', அதன்பின் 30 நாட்களில் 'ராட்டன்' (அழுகியது), மேலும் 30 நாட்களில் மூடல். உபுண்டு லினக்ஸின் டிராக்கரான லாஞ்ச்பேடில் 'முழுமையற்றது' என்று குறிக்கப்பட்ட அறிக்கை 60 நாட்களில் காலாவதியாகும். க்னோம் போன்ற இன்னொரு திரைச் சூழலான கே.டி.இ. திட்டத்தில், விவரம் கேட்டு நிறுத்திவைக்கப்பட்ட அறிக்கைக்கு 15 நாட்களில் ஒரு நினைவூட்டல் போகும். மேலும் 15 நாட்களில் பதில் வராவிட்டால் அது மூடப்படும்.

இவை எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் இவற்றுக்குள் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. கே.டி.இ.யிலும் லாஞ்ச்பேடிலும் ஒரு மனிதர் அறிக்கையைப் படித்து, இன்னின்ன விவரம் தேவை என்று கேட்டபிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பந்து அறிக்கை எழுதியவரின் பக்கம் இருக்கிறது. அவர் பதில் சொல்லாவிட்டால் மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. இது நியாயமான ஏற்பாடு. கிட்ஹப்பின் பாட் நிரலை இயல்பான அமைப்பில் அப்படியே ஓடவிடும் திட்டங்களில் கடிகாரம் யாருடைய மௌனத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. தெளிவான படிகளுடன், பதிப்பு எண்ணுடன், சிறு மாதிரிக் கோப்புடன் ஒருவர் எழுதிய அறிக்கையைப் பராமரிப்பாளர்கள் யாரும் படிக்கவே இல்லையென்றாலும், அந்த மௌனத்துக்கான விலையை எழுதியவரே கொடுக்கிறார். 'இன்னும் இருக்கிறது' என்று அவர் குறித்த நாளுக்குள் வந்து சொல்ல வேண்டும். அடுத்த முறையும் சொல்ல வேண்டும். சில சுற்றுகளுக்குப் பிறகு அவர் வராமல் போகிறார். நல்ல அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் எந்தத் திட்டத்திலும் குறைவு. அவர்களில் ஒருவரை இப்படி இழப்பது பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அதே பிழையை வேறொருவர் புதிதாகப் பதிவு செய்கிறார், முன்பு சேர்ந்த விவரங்கள் எதுவும் இல்லாமல்.

ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நடைமுறையை நான் ஓரளவு ஏற்கிறேன். அதன் ஒவ்வொரு வெளியீடும் ஏறத்தாழ 13 மாதங்கள்தான் ஆதரவில் இருக்கும். அது முடியும்போது அந்த வெளியீட்டின்மீது பதிவான அறிக்கைகள், முன்னறிவிப்புக்குப் பிறகு, மொத்தமாக மூடப்படும். மூடப்படுவதற்கான காரணம் தெளிவாக இருக்கிறது, புதிய வெளியீட்டிலும் பிழை இருந்தால் பதிப்பு எண்ணை மாற்றிக் காப்பாற்ற வழியும் இருக்கிறது. இருந்தாலும், மீண்டும் மீண்டும் பதிப்பு எண்ணை மாற்றுவதே வேலையாகிப்போன பயனர்களின் சலிப்பை அந்தப் பக்கங்களில் பார்க்கலாம்.

வயதைக் காரணமாக்குவதில் வெறும் மனக்கசப்பைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) ஒரு நிரலை இயக்கச் சொல்லும் அழைப்புக்கு, அந்த நிரலின் பெயரையும் அதற்கான ஆர்க்யுமென்ட்களையும் (கூடவே தரும் சொற்களையும்) ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். வழக்கப்படி பட்டியலின் முதல் உறுப்பு நிரலின் பெயராக இருக்கும். ஆனால் முற்றிலும் காலியான பட்டியலைக் கொடுத்தாலும் லினக்ஸ் அதை ஏற்றுக்கொண்டு வந்தது. வேறு சில இயங்குதளங்கள் அதை மறுத்தன. லினக்ஸ் மேன் பக்கங்களை (கையேட்டை) நெடுங்காலம் பராமரித்த மைக்கேல் கெரிஸ்க் 2008இல் இதைச் சுட்டிக்காட்டி ஓர் அறிக்கை பதிவு செய்தார். திருத்த வேண்டும் என்பதில் அப்போது ஒருமித்த கருத்து உருவாகவில்லை. காலிப் பட்டியலை யார் அனுப்பப்போகிறார்கள் என்று அன்று யோசித்திருந்தால் அதில் வியப்பில்லை. நடைமுறையில் எவருக்கும் அது தொல்லை தந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு, 2009 மே மாதத்தில், பிகே-எக்ஸெக் என்ற நிரலின் முதல் வடிவம் எழுதப்பட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் (முழு நிர்வாகி) உரிமையுடன் ஒரு கட்டளையை இயக்க உதவும் கருவி அது. ஆர்க்யுமென்ட் பட்டியலில் குறைந்தது ஓர் உறுப்பாவது இருக்கும் என்று கருதி, அது இரண்டாம் உறுப்பிலிருந்து படிக்கத் தொடங்கியது. பட்டியல் காலியாக இருந்தால் அந்த இடத்தில் நினைவகத்தில் அடுத்து இருப்பது சூழல் மாறிகளின் (நிரல்களுக்கு அமைப்புகளைச் சொல்லும் மதிப்புகளின்) பட்டியல். ஆக நிரல் ஒரு சூழல் மாறியைக் கட்டளையின் பெயராக நினைத்துப் படித்தது. அதன் முழுப் பாதையைக் கண்டுபிடித்து, அதே இடத்தில் எழுதவும் செய்தது. பாதுகாப்புக்காக முன்பே நீக்கப்பட்ட ஆபத்தான சூழல் மாறிகளை இந்த வழியாக மீண்டும் உள்ளே புகுத்த முடிந்தது. அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் ரூட் ஆகலாம். குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022 ஜனவரியில் இதை வெளியிட்டபோது, உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று முக்கியமான லினக்ஸ் வெளியீடுகள் எல்லாவற்றிலும் அந்த நிரல் இயல்பாகவே நிறுவப்பட்டிருந்தது. காலிப் பட்டியலைக் கெர்னலே மறுத்துவிடும் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் இந்தத் தாக்குதல் செல்லாது. அதன்பின் கெர்னல் 5.18இல், காலிப் பட்டியல் வந்தால் ஒரு வெற்றுச் சரத்தைத் தானே சேர்த்துவிடும் மாற்றம் நுழைந்தது. அந்த மாற்றத்தைப் பதிவு செய்த கமிட் குறிப்பில் 2008ஆம் ஆண்டு அறிக்கை நினைவுகூரப்பட்டிருக்கிறது.

நான் இங்கே யாரையும் குற்றம் சாட்டவில்லை. 2008இல் அந்த அறிக்கையைப் படித்த எவருக்கும் அடுத்த ஆண்டு எழுதப்படவிருந்த நிரல் தெரிந்திருக்க முடியாது. ஆனால் இதிலிருந்து ஒன்று புலப்படுகிறது. ஒரு பிழையின் தீவிரம் அதற்குள் மட்டும் இல்லை, அதைச் சுற்றி என்ன எழுதப்படுகிறது என்பதிலும் இருக்கிறது. நிரல் அப்படியே இருக்க, சூழல் மாறிக்கொண்டே போகிறது. 2016இல் வெளிவந்த டர்ட்டி கவ் என்ற கெர்னல் ஓட்டையின் கதையும் இதுவே. அந்தப் பிழையைத் தான் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை திருத்த முயன்றதாகவும், ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிகளில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டதாகவும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திருத்தக் குறிப்பிலேயே எழுதினார். முன்பு ஏட்டளவில் மட்டும் சாத்தியமாக இருந்த, ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு செயல்களுக்கு இடையிலான ஒரு மோதல், நினைவக மேலாண்மை மேம்பட்டதால் எளிதாகத் தூண்டக்கூடியதாக மாறிவிட்டது என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. பழைய அறிக்கையை மறுபடி படிக்கும்போது 'இது அன்று ஏன் சிறியதாகத் தோன்றியது, அந்தக் காரணம் இன்றும் செல்லுமா' என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என நான் சொல்வது இதனால்தான்.

'என் கணினியில் வேலை செய்கிறது' என்ற தீர்ப்பை ஏன் எளிதில் நம்பக் கூடாது என்பதற்கு நான் பங்களிக்கும் ஒரு திட்டத்திலிருந்தே ஓர் அறிக்கையைச் சொல்கிறேன். ஒரு கோப்புறையில் இருக்கும் ஆவணங்களுக்கு அட்டவணை தயாரித்து, அவற்றைத் தேடித் தரும் சிறிய மென்பொருள் அது. 'கோப்பு இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது' என்பது அறிக்கையின் தலைப்பு. எழுதியவர் பழைய மேக் கணினி ஒன்றை வைத்திருந்தார். நிரலாளர்கள் அனைவரும் லினக்ஸ் பயன்படுத்தியதால் எவராலும் அதை மீண்டும் நிகழச்செய்ய முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் புதிய மேக்கில் ஒருவர் சோதித்து, சிக்கல் இல்லை என்று எழுதினார். மூடலாம் என்ற பரிந்துரையும் அதன்கீழ் வந்திருந்தது.

அதற்கிடையில் வேறொரு பயனர், திறக்க மறுக்கும் கோப்புகளின் பெயர்களையும் சரியாகத் திறக்கும் கோப்புகளின் பெயர்களையும் இரண்டு பட்டியல்களாக இணைத்திருந்தார். ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகளைக் கொண்ட பெயர்கள் எல்லாம் மறுக்கும் பட்டியலில் இருந்தன. ஆங்கிலம் அல்லாத எழுத்துகள்தான் காரணம் என்று அதைப் பார்த்தால் தோன்றும். ஆனால் தமிழ்ப் பெயர்களும் அதில் இருந்தன, அவை இரண்டு பக்கமும் பிரிந்து கிடந்தன. 'படம்' என்று தொடங்கும் கோப்பு திறந்தது, 'கொடி' என்று தொடங்கும் கோப்பு திறக்கவில்லை. எழுத்துரு, மொழி அமைப்பு போன்ற வழக்கமான ஊகங்கள் எல்லாம் இந்த ஒரே இணையால் அடிபட்டுப்போயின.

யூனிகோடில் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, ஆகாரக் கால் என்ற இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகளோ வேறு. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இது பொருந்தும். 'படம்' என்ற சொல்லில் அப்படிப் பிரியக்கூடிய குறி எதுவும் இல்லை. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, கொடுக்கப்பட்ட பெயரைப் பிரித்த வடிவத்துக்கு மாற்றித்தான் சேமிக்கும். நம் மென்பொருளோ, பயனர் தட்டச்சு செய்த சேர்ந்த வடிவத்தை அட்டவணையில் வைத்துக்கொண்டு, கோப்புறையிலிருந்து படித்த பெயருடன் பைட் பைட்டாக ஒப்பிட்டது. பொருந்தாததால் கோப்பு இல்லை என்று சொன்னது. 2017இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. அதனால்தான் புதிய மேக்கில் சிக்கல் தெரியவில்லை. பிழை எங்கும் போய்விடவில்லை. பழைய வட்டு ஒன்றிலிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்த கோப்புகளிலும், பழைய மேக்கில் சுருக்கப்பட்ட ஆவணக் கட்டுகளிலும் அது அப்படியே காத்திருந்தது. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளில் இதே காரணத்துக்காகத் தனியாக ஓர் அமைப்பு இருப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

காரணம் தெரிந்தபிறகு மேக் கணினியே தேவைப்படவில்லை. பிரித்த வடிவத்தில் பெயர் கொண்ட ஒரு வெற்றுக் கோப்பைச் சில வரி ஸ்கிரிப்டால் லினக்ஸிலேயே உருவாக்கினேன். பிழை உடனே நிகழ்ந்தது. ஒப்பிடும்போது இரண்டு பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது, கோப்பைத் திறக்கும்போது மட்டும் வட்டில் இருக்கும் மூலப் பைட்டுகளையே பயன்படுத்துவது என்று திருத்தம் அமைந்தது. அந்த ஸ்கிரிப்ட் இப்போது திட்டத்தின் சோதனைத் தொகுப்பில் இருக்கிறது. அந்த இரண்டு பட்டியல்களையும் இணைத்த பயனருக்கு நிரல் எழுதத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அந்த அறிக்கையிலேயே மிக மதிப்புள்ள பங்களிப்பு அவருடையதுதான். பாட் ஒன்று அதை முன்பே மூடியிருந்தால் அவர் அதை எங்கே எழுதியிருப்பார்?

என் வேலைமுறையைச் சொல்கிறேன். பழைய அறிக்கையைத் திறந்தவுடன் முதலில் அதன் மறுமொழிகளைக் கடைசி வரை படிக்கிறேன். துப்பு பெரும்பாலும் முதல் பத்தியில் இருப்பதில்லை. நான்காம் ஆண்டில் வந்து ஒரே ஒரு வரி எழுதிப்போனவரிடம் இருக்கும். பிறகு அறிக்கை சொல்லும் பகுதியின் நிரல் இன்றும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்தப் பகுதி முழுவதுமாக மாற்றி எழுதப்பட்டிருந்தால், எந்த கமிட்டில் மாறியது என்பதைக் குறித்துக்கொண்டு, புதிய நிரலில் அதே தவறு இருக்கிறதா என்று சோதிக்கிறேன். மாற்றி எழுதினால் பிழைகள் தானாகப் போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. மாற்றி எழுதியவரும் பழைய நிரலைப் பார்த்தே எழுதியிருப்பார் என்பதால், பழைய ஊகங்களும் கூடவே வந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிழை இப்போது நிகழவில்லை என்றால், அதோடு நிறுத்தாமல் எப்போது போனது என்று தேடுவது நல்லது. பழைய பதிப்பைக் கம்பைல் செய்ய முடிகிற நிலையில் இருந்தால் கிட் பைசெக்ட் இதற்கு அருமையான கருவி. ஒவ்வொரு படியிலும் பாதியாகக் குறைவதால், ஆயிரம் கமிட்களுக்குள் தேடப் பத்துச் சோதனைகள் போதும். பிழையை நீக்கிய கமிட் கிடைத்தால், அது தெரிந்தே செய்த திருத்தமா, அல்லது வேறொரு மாற்றத்தால் பிழை தற்காலிகமாக மறைந்துநிற்கிறதா என்பது புலப்படும். மறைந்துநிற்பது என்றால் அறிக்கையைத் திறந்தே வைத்து அதை எழுதிவைக்கிறேன். பழைய பதிப்பைக் கம்பைல் செய்யவே முடியாத நிலை அடிக்கடி நேரும். அப்போது இந்தத் தேடலை விட்டுவிடுகிறேன், அதில் ஒரு வாரத்தைச் செலவிடுவது மற்ற அறிக்கைகளுக்கு இழைக்கும் அநீதி.

அறிக்கை எழுதியவரிடம் கேள்வி கேட்பதில் தனிக் கவனம் தேவை. 'புதிய பதிப்பில் சோதித்துப் பார்க்கவும்' என்ற ஒற்றை வரி, எதையும் படிக்காமலே எழுதக்கூடிய வரி. பெறுபவருக்கும் அது தெரியும். நான் எழுதும்போது, இத்தனை ஆண்டுகள் பதில் இல்லாமல் போனதற்கு வருத்தம் தெரிவித்து, நான் என்ன சோதித்தேன், எந்தப் பதிப்பில், என்ன கண்டேன் என்பதைச் சொல்லிவிட்டு, என்னால் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கிறேன். 'உங்கள் கோப்பு வலையமைப்பு வட்டில் இருந்ததா, கணினியிலேயே இருந்ததா?' என்பது போன்ற கேள்விக்கு, அந்த மென்பொருளை விட்டுப்போனவர்கூட நினைவிலிருந்து பதில் சொல்லிவிட முடியும். பல ஆண்டுகளுக்குப் பின் வரும் அத்தகைய பதில்களில் பெரும்பாலானவை நட்பாகவே இருக்கின்றன.

டூப்ளிகேட்டுகளை இணைக்கும்போது பழையதைத்தான் முதன்மையாக வைக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. தெளிவான படிகள் எதில் இருக்கின்றனவோ அதையே முதன்மையாக்கி, மற்றவற்றின் துப்புகளை அதில் இரண்டு வரிகளில் எடுத்தெழுதுவது மேல். தலைப்பை மாற்றத் தயங்கவும் கூடாது. 'வேலை செய்யவில்லை' என்ற தலைப்பை 'பிரித்த யூனிகோட் வடிவில் பெயருள்ள கோப்புகள் அட்டவணையில் பொருந்துவதில்லை' என்று மாற்றினாலே சரியான ஆள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

இனி, திருத்தப்போவதில்லை என்று முடிவெடுக்கும் உரிமை பராமரிப்பாளர்களுக்கு உண்டு. அதை அவர்கள் தயங்காமல் பயன்படுத்த வேண்டும் என்பதும் என் கருத்து. ஊதியமில்லாமல் உழைப்பவர்களிடம் எல்லாவற்றையும் திருத்தித்தரும்படி கேட்க முடியாது. ஆனால் முடிவைச் சொல்லிவிடலாம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தள மென்பொருளில் 2005 ஜூனில் பதிவான 11472ஆம் அறிக்கை, வெளித்திறவுகோல் (ஓர் அட்டவணையை இன்னொன்றுடன் இணைக்கும் விதி) வழியாகத் தொடர்ந்து நீக்கப்படும் வரிசைகளுக்கு டிரிக்கர்கள் (மாற்றம் நடந்தால் தானாக ஓடும் கட்டளைகள்) இயங்குவதில்லை என்று சொன்னது. ஆண்டுதோறும் பயனர்கள் அதற்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதும் அளவுக்கு அது பெயர்பெற்றுவிட்டது. அந்த வரம்பு ஆவணத்திலும் எழுதப்பட்டது என்பதால், கையேட்டைப் படித்தவர்கள் தம் தரவுத்தளத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள முடிந்தது. திருத்தம் எட்டாத இடத்தில் இத்தகைய ஒரு வரி ஆவணம் பெரிய உதவி.

டெபியனின் பழைய முறையில் எனக்குப் பிடித்த ஒன்று இங்கே பொருந்தும். அங்கே ஓர் அறிக்கையை மூட அதன் எண்ணுக்குரிய 'டன்' (முடிந்தது) முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அந்த மின்னஞ்சல் அறிக்கை எழுதியவருக்கும் போய்ச் சேரும். விளக்கமில்லாமல் மூட உதவும் தனிக் கட்டளை ஒன்றும் இருந்தது, ஆனால் அதனால் எழுதியவருக்குக் காரணம் தெரியாமல் போவதால் அதைத் தவிர்க்கும்படி ஆவணமே சொல்கிறது. காரணத்துடன் மூடுவதற்கு உபுண்டுவின் முதலாம் எண் அறிக்கையையும் சொல்லலாம். மைக்ரோசாஃப்ட் சந்தையின் பெரும்பகுதியை வைத்திருப்பதே பிழை என்று உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் 2004 ஆகஸ்டில் பதிவு செய்தது அது. அது நிரல் பிழையே அல்ல. ஆயினும் 2013 மே மாதம் அதை மூடியபோது, கைப்பேசிகளும் டேப்லெட்டுகளும் கணினி உலகின் அமைப்பையே மாற்றிவிட்டன என்ற விளக்கத்தை எழுதித்தான் மூடினார்.

டிராக்கரையே மாற்றும் காலங்களில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். க்னோம் 2018இல் பக்ஸில்லாவிலிருந்து கிட்லேபுக்கும், பைத்தான் 2022இல் தன் சொந்த டிராக்கரிலிருந்து கிட்ஹப்புக்கும் நகர்ந்தன. புதிய இடத்தில் எண்கள் மாறும். கமிட் குறிப்புகளிலும் நிரலின் நடுவே எழுதிய விளக்கங்களிலும் பழைய எண்களே இருக்கும். பழைய முகவரிகள் படிக்கும் நிலையில் தொடர்ந்து கிடைக்கின்றனவா என்பதை நகர்வதற்கு முன்பே உறுதிசெய்துவிட வேண்டும்.

இப்படிப் படித்து முடித்தபிறகும் ஒரு பகுதி மீந்துவிடும். குறிப்பிட்ட அச்சுப்பொறி, உற்பத்தி நின்றுபோன திரை அட்டை, ஒருவரிடம் மட்டுமே இருந்த ஸ்கேனர் என்று, சோதிக்கக் கருவியே இல்லாத அறிக்கைகள் அவை. நிரலைப் படித்துப் பார்க்கையில் புகார் நம்பத்தக்கதாகத் தோன்றினால் அவற்றை நான் மூடுவதில்லை. 'வன்பொருள் தேவை' என்ற லேபிளை ஒட்டி, எந்தக் கோப்பில் எந்தச் சார்பைச் சந்தேகிக்கிறேன் என்பதையும், அந்தக் கருவி கையில் இருப்பவர் இயக்கிப் பார்க்கவேண்டிய கட்டளையையும் கடைசி மறுமொழியாக எழுதிவைக்கிறேன். நிரலே நீக்கப்பட்டுவிட்டால், நீக்கிய கமிட்டின் எண்ணைக் குறிப்பிட்டு அன்றே மூடிவிடுகிறேன். எழுதியவரின் மின்னஞ்சல் முகவரி செயலிழந்து, என் செய்தி திரும்பி வந்துவிடுவதும் உண்டு. அப்போதும் விளக்கத்தைச் சுருக்குவதில்லை, ஏனென்றால் அதே கருவியை வைத்துக்கொண்டு தேடிவரும் அடுத்தவர் படிக்கப்போவதும் அந்த விளக்கத்தைத்தான்.